56 சதவீதம் யார் தலையில்?

சுவீடன் நாட்டுத் துணி நிறுவனமான எச் அண்ட் எம், 2030-க்குள் தன் கார்பன் உமிழ்வை 56 சதவீதம் குறைப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டு உமிழ்வுதான் அளவுகோல். 2040-க்குள் குறைந்தது 90 சதவீதம் குறைத்து 'நெட் ஜீரோ'வை எட்டுவோம் என்பது அடுத்த வாக்கு. இப்படிப்பட்ட இலக்குகளைப் பரிசீலிக்கும் 'சயின்ஸ் பேஸ்டு டார்கெட்ஸ்' என்ற சர்வதேச அமைப்பும் இதற்கு ஒப்புதல் முத்திரை குத்திவிட்டது.

காலநிலை நீதி பற்றிக் கல்லூரித் தோழர்களிடம் பேசப் போனால் எண்ணூர் சாம்பல் வரும், நெய்வேலி வரும், அதானி வருவார். துணிக்கடை வருவதே இல்லை. மால் ஒன்றில் ஏசி குளிரில் தொங்கிக்கொண்டிருக்கும் டி-சர்ட்டுக்கும் சேரிக்கும் என்ன தொடர்பு என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் அந்த 56 சதவீதத்தை எங்கே, யார் குறைக்கப் போகிறார்கள் என்று ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்த்தால் திண்டுக்கல்லுக்கும் திருப்பூருக்கும்தான் வந்து நிற்கவேண்டியிருக்கிறது. அங்கே ஷிஃப்ட் பார்க்கும் பெண்களில் பெரும்பகுதி நம் வீட்டுப் பெண்கள்.

ஏன் எச் அண்ட் எம்மை எடுக்கிறேன் என்று கேட்கலாம். ஷீன் மாதிரி ஒரு நிறுவனத்தைத் திட்டுவது சுலபம். 2023-இல் மட்டும் ஷீனின் உமிழ்வு 1 கோடியே 67 லட்சம் டன். முந்தைய ஆண்டைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அது 2025-இல் ரிலையன்ஸ் கையைப் பிடித்து இந்தியாவுக்குத் திரும்பியும் வந்துவிட்டது. அதைத் திட்டினால் எல்லோரும் தலையாட்டுவார்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும். எச் அண்ட் எம் வகுப்பில் முதல் மாணவன். ஸ்டாண்ட் எர்த் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு 2025-இல் துணி நிறுவனங்களுக்கு மதிப்பெண் போட்டபோது முதலிடம் கொடுத்தது இதற்குத்தான். தனக்குச் சரக்குக் கொடுக்கும் ஆலைகளின் பட்டியலை 2013-லேயே வெளியிட்ட நிறுவனம். கொரோனா நேரத்தில் மற்ற பிராண்டுகள் ஆர்டரை ரத்து செய்துவிட்டுக் கை கழுவியபோது, தைத்து முடித்த சரக்குக்குப் பணம் தருவோம் என்று முதலில் சொன்னவர்களில் ஒன்று. ஆகவே இங்கே நான் கேட்கப்போவது ஒரு மோசமான முதலாளியைப் பற்றிய கேள்வி இல்லை. மிக நல்ல பிள்ளை போடுகிற கணக்கிலேயே நம் ஆட்கள் எங்கே காணாமல் போகிறார்கள் என்பதுதான் கேள்வி.

கார்பன் கணக்கில் மூன்று அடுக்கு இருக்கிறது. நிறுவனம் தானே எரிக்கும் எரிபொருள் 'ஸ்கோப் 1'. காசு கொடுத்து வாங்கும் மின்சாரம் 'ஸ்கோப் 2'. மீதி எல்லாம் 'ஸ்கோப் 3': பருத்திக்காடு, நூற்பாலை, நிட்டிங், சாயப்பட்டறை, தையல், கப்பல், கடைசியில் வாங்குபவர் வீட்டு வாஷிங் மெஷின் வரை. எச் அண்ட் எம்முக்குச் சொந்தமாக ஒரு தொழிற்சாலைகூடக் கிடையாது. எல்லாம் மற்றவர்களிடம் கொடுத்துத் தைத்து வாங்குவதுதான். அதனால் அதன் உமிழ்வில் கிட்டத்தட்ட முழுவதும் மூன்றாவது அடுக்கில் இருக்கிறது. ஸ்டாக்ஹோம் அலுவலகத்தில் எல்.இ.டி. விளக்கு மாட்டுவதும் கடைகளுக்குப் பசுமை மின்சாரம் வாங்குவதும் நல்ல காரியம்தான், ஆனால் அவை கடலில் ஒரு சொம்பு.

நிறுவனத்தின் சொந்த அறிக்கையின்படி 2024 முடிவில் முதல் இரண்டு அடுக்கில் 41 சதவீதம் குறைந்திருக்கிறது. மூன்றாவது அடுக்கில் 24 சதவீதம். ஐந்து வருடத்தில் 24 குறைத்தவர்கள், மீதி 32-ஐ ஆறு வருடத்தில் குறைக்கவேண்டும். எளிதாகச் செய்யக்கூடியதைத்தான் யாரும் முதலில் செய்வார்கள். இனி வரப்போவது பாய்லரை மாற்றுவது, சாயமேற்றும் இயந்திரத்தை மாற்றுவது, மின்சாரத்தையே மாற்றுவது. இதெல்லாம் ஆலைக்குள் நடக்கவேண்டிய வேலை. அந்த அழுத்தம் முழுவதும் அடுத்த சில வருடங்களில் நம் மாவட்டங்களின் மீது இறங்கப்போகிறது.

ஒரு பனியன் துணியை எடுத்துக்கொள்ளுங்கள். மகாராஷ்டிரத்திலோ குஜராத்திலோ விளைந்த பஞ்சு, வேடசந்தூர் பக்கமோ பல்லடம் பக்கமோ நூலாகிறது. நூற்பாலைக்கு மின்சாரம்தான் உயிர். திருப்பூரில் நிட்டிங் ஆகி சாயப்பட்டறைக்குப் போகிறது. அங்கே நீராவி வேண்டும். அதற்குப் பாய்லர் வேண்டும். பாய்லருக்கு நிலக்கரியோ விறகோ வேண்டும். சாயமேற்றி, அலசி, உலர்த்தும் இந்தக் கட்டத்தில் செலவாகும் வெப்பம்தான் ஒரு துணியின் கார்பனில் பெரிய பங்கு. தையலில் இயந்திரத்தின் மின்சாரம் கொஞ்சம், மனித உடம்பின் உழைப்பு நிறைய.

2022-இல் எச் அண்ட் எம் ஒரு முடிவை அறிவித்தது: வளாகத்துக்குள் நிலக்கரிப் பாய்லர் வைத்திருக்கும் புதிய ஆலைகளை இனிச் சேர்க்கமாட்டோம், ஏற்கெனவே இருப்பவர்களும் படிப்படியாக நிலக்கரியைக் கைவிடவேண்டும். நல்ல முடிவுதான். ஆனால் பாய்லரை மாற்றக் காசு யாருடையது? நிறுவனம் கடன் வசதிக்கு ஏற்பாடு செய்கிறது, தொழில்நுட்ப ஆலோசனை கொடுக்கிறது, அதை மறைக்கவேண்டியதில்லை. கடன் என்றாலே திருப்பிக் கட்டவேண்டியது. கட்டப்போகிறவர் ஆலை உரிமையாளர். ஒரு துண்டுக்குக் கொடுக்கும் விலையில் இந்தத் தவணைக்கு என்று தனியாக ஒரு ரூபாயும் ஏறவில்லை என்றால், உரிமையாளர் அந்தத் தவணையை எங்கே பிடிப்பார்? பஞ்சு விலை அவர் கையில் இல்லை. மின் கட்டணம் அவர் கையில் இல்லை. டாலர் அவர் கையில் இல்லை. அவர் கையில் இருப்பது கூலியும் டார்கெட்டும் மட்டும்தான். நம் முதலாளிகளை நான் இங்கே காப்பாற்றவில்லை. அவர்களுடைய சாதியும் அவர்களுடைய லாபமும் நமக்குத் தெரியும். ஸ்டாக்ஹோமில் எடுக்கும் முடிவு எந்தப் படிக்கட்டு வழியாக இறங்கி ஒரு பெண்ணின் முதுகில் வந்து உட்காருகிறது என்று காட்டுவதற்காகச் சொல்கிறேன்.

வேடசந்தூர் பக்கம் ஒரு காலனியில் கூட்டம் முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது, கார்மெண்ட்ஸ் ஒன்றில் வேலை பார்க்கும் அக்கா சொன்னார்: "கரண்ட மிச்சம் பண்ணணும்னு வெளிநாட்டுக்காரன் சொல்லிட்டானாம் தம்பி. ரெண்டு ஃபேன்ல ஒண்ண நிறுத்திட்டாங்க. மெஷினு மட்டும் ஒண்ணுகூட நிக்கல." பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எந்த பிராண்டும் ஃபேனை நிறுத்தச் சொல்லியிருக்காது. மின்சாரத்தைக் குறை என்று மேலிருந்து வரும் ஓர் எண், கீழே சூப்பர்வைசர் கைக்கு வரும்போது எதிர்த்துப் பேச முடியாதவர்களிடம்தான் முதலில் கை வைக்கும். நூற்பாலையில் நூல் அறுந்துவிடாமல் இருக்கக் காற்றில் ஈரப்பதத்தைத் துல்லியமாகக் கட்டிக்காக்கிறார்கள். நூலுக்கு என்ன தட்பவெப்பம் வேண்டும் என்பதற்கு அங்கே பொறுப்பாக ஆள் உண்டு.

வெப்பம் சின்ன விஷயம் இல்லை. கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஷ்ரோடர்ஸ் நிதி நிறுவனமும் 2023-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். வங்கதேசம், கம்போடியா, பாகிஸ்தான், வியட்நாம் ஆகிய 4 நாடுகளில் மட்டும், கடும் வெப்பமும் வெள்ளமும் 2030-க்குள் 6,500 கோடி டாலர் ஆடை ஏற்றுமதி வருமானத்தையும் உருவாகியிருக்கக்கூடிய சுமார் 10 லட்சம் வேலைகளையும் பறித்துவிடும் என்பது அவர்கள் மதிப்பீடு. இந்தியா அந்தக் கணக்கில் இல்லை. ஏப்ரல், மே மாதத்தில் கரூர் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே பத்து மணி நேரம் தைத்தவருக்கு அந்தக் கணக்கு தேவையும் இல்லை. உமிழ்வைக் குறைக்கும் திட்டத்துக்குத் தேதி இருக்கிறது, இலக்கு இருக்கிறது. அந்த உமிழ்வால் ஏற்கெனவே ஏறிவிட்ட வெப்பத்தைத் தாங்கும் உடம்புக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டால், அது 'சமூகம்' என்ற வேறொரு அத்தியாயத்துக்குப் போய்விடுகிறது.

இப்போது விறகுக்கு வருகிறேன், ஏனென்றால் நிலக்கரியைக் கைவிடு என்றால் உடனடியாகக் கைக்குக் கிடைப்பது விறகுதான். திருப்பூர் பட்டறைகளில் விறகுப் பாய்லர் புதிது இல்லை. தெற்கு மாவட்டங்களின் சீமைக்கருவேலம் லாரி லாரியாகப் பாய்லர்களுக்குப் போகிறது. சர்வதேசக் கார்பன் கணக்கு விதிப்படி, மரம் எரிந்து வரும் கார்பன் டை ஆக்சைடை மூன்று அடுக்குகளுக்கும் வெளியே தனியாக எழுதிக்கொள்ளலாம். மரம் மறுபடி வளரும், வளரும்போது கார்பனை உறிஞ்சிக்கொள்ளும் என்பது தர்க்கம். அதனால் நிலக்கரியிலிருந்து விறகுக்கு மாறிய நாளே கணக்கில் ஓர் எண் மளமளவென்று இறங்கும். சரி, அந்த விறகை வெட்டியது யார்? 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் பகுதிகளில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 இருளர்களைக் கொத்தடிமை நிலையிலிருந்து அதிகாரிகள் மீட்டார்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழும் படம் அப்போது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அந்த விறகு சாயப்பட்டறைக்குப் போனது என்று நான் சொல்லவில்லை. விறகு எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று கேட்பதற்குச் சான்றிதழ் உண்டு. எந்தக் கையிலிருந்து வந்தது என்பதும் அதே தாளில் ஒரு கேள்வியாக இருக்கவேண்டாமா?

சாயப்பட்டறை பற்றி இன்னும் கொஞ்சம் பேசவேண்டும். இங்கேதான் சுற்றுச்சூழல் வாதமே சிக்கலாகிறது. நொய்யல் சாயக்கழிவால் செத்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாகிப்போனது. விவசாயிகள் வருடக்கணக்கில் நீதிமன்றம் ஏறி இறங்கி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் மறுபடி திறந்தன. கழிவுநீரைச் சுத்திகரித்து, மிச்சத்தைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி, உப்பைப் பிரித்தெடுக்கும் முறை அது. கொதிக்கவைப்பதற்கு எரிபொருள் வேண்டும். அதாவது ஆற்றைக் காப்பாற்றுவதற்காகத் திருப்பூர் கூடுதலாக எரிக்கிறது. நொய்யல் கரை கேட்ட நியாயம், ஐரோப்பிய நிறுவனத்தின் ஏட்டில் கூடுதல் உமிழ்வாகப் பதிவாகிறது. ஆற்றில் கழிவைக் கொட்டும் நாட்டில் சாயம் போட்டால் கார்பன் குறைவாகத் தெரியும்! கார்பனை மட்டும் பார்க்கும் கண் எவ்வளவு ஏமாறும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

அந்தச் சுத்திகரிப்பு ஏற்பாட்டிலும் தொட்டிகள் இருக்கின்றன. தொட்டி இருந்தால் அதைச் சுத்தம் செய்ய ஆள் இருக்கவேண்டும். அந்த ஆள் யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை. 2025 மே மாதம் பல்லடம் அருகே கரைப்புதூரில் ஒரு சாயப்பட்டறையின் தொட்டியைச் சுத்தம் செய்ய இறக்கிவிடப்பட்ட தலித் தொழிலாளர்கள் மூன்று பேர் விஷவாயு தாக்கி இறந்தார்கள். மனிதர்களை இப்படி இறக்கக் கூடாது என்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. அந்தப் பட்டறை எந்த பிராண்டுக்குச் சாயம் போட்டது என்பது இங்கே முக்கியம் இல்லை. ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை கிலோ கார்பன் என்று தசமப் புள்ளி வரை கேட்கத் தெரிந்த ஒரு தொழிலில், தொட்டிக்குள் யார் இறங்கினார் என்று கேட்கும் கட்டம் எந்தப் படிவத்தில் இருக்கிறது என்று கேட்கிறேன்.

இந்தியாவின் சொந்தப் படிவமும் வேறு மாதிரி இல்லை. பங்குச் சந்தையில் உள்ள முதல் 1,000 பெரிய நிறுவனங்கள் ஆண்டுதோறும் பொறுப்புடைமை அறிக்கை தரவேண்டும் என்று செபி கட்டாயமாக்கியிருக்கிறது. உமிழ்வு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று கேட்கிறது. தொழிலாளர்களை ஆண், பெண், மாற்றுத்திறனாளி என்று பிரித்துக் கேட்கிறது. சாதியைக் கேட்கவில்லை. சமூகவியல் படித்தபோது ஒரு விஷயம் மண்டையில் ஏறியது: அரசோ நிறுவனமோ எதை எண்ணவில்லையோ, அதற்குப் பொறுப்பேற்கத் தேவையில்லை என்று அர்த்தம். யார் சூப்பர்வைசர், யார் ஹெல்பர், யார் தொட்டிக்குள் என்பதில் சாதி ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கிறது. ஏட்டில் மட்டும் அதற்கு விடுமுறை.

வாக்குறுதி என்றால் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு நம்மிடமே ஓர் உதாரணம் இருக்கிறது. அதை நம் ஆட்களே சரியாகக் கொண்டாடவில்லை என்பது என் வருத்தம். 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டம் கைத்தியன்கோட்டையில் உள்ள நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை பார்த்த 20 வயது தலித் பெண் கொலை செய்யப்பட்டுக் கிடந்தார். அதே ஆலையின் சூப்பர்வைசர் கைதானார். அந்த ஆலை ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது. எச் அண்ட் எம்முக்குத் தைத்துக்கொடுத்த ஆலை. பாலியல் தொல்லை அங்கே நீண்டகாலமாக நடந்துகொண்டிருந்ததாகத் தொழிலாளர்கள் சொன்னார்கள். பிராண்டுகளின் நடத்தை விதிகள் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் தொழில்தான் இது.

தலித் பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், ஒரு வருடத்துக்கும் மேல் விடாமல் நின்றது. ஏஷியா ஃப்ளோர் வேஜ் அலையன்ஸும் அமெரிக்காவின் குளோபல் லேபர் ஜஸ்டிஸ் அமைப்பும் சேர்ந்துகொண்டன. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. சங்கத்தோடு ஈஸ்ட்மேன் கையெழுத்துப் போட்டது; எச் அண்ட் எம் கையெழுத்துப் போட்டது; பின்னால் கேப், பி.வி.எச். நிறுவனங்களும் போட்டன. பாலினம் மட்டுமல்ல, சாதி, புலம்பெயர்வு இவற்றின் பெயரால் நடக்கும் பாகுபாடும் அதற்குள் வருகிறது. தளத்தில் வேலை செய்யும் பெண்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைச் சங்கம் பயிற்சி கொடுத்து நிறுத்தியது. ஆலை ஒப்பந்தத்தை மீறினால் பிராண்டு வியாபார நடவடிக்கை எடுத்தே ஆகவேண்டும், இஷ்டமிருந்தால் எடுக்கலாம் என்பது கிடையாது. முதல் வருடத்திலேயே 180-க்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன, ஏறக்குறைய எல்லாமே தீர்க்கப்பட்டன. புகார் அதிகமாக வருகிறதே என்று பயந்தவர்கள் உண்டு. வாயைத் திறந்தால் வேலை போகும் என்ற பயம் போனதற்கு அதுதான் அடையாளம்.

இதையும் 56 சதவீதத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திண்டுக்கல்லில் எதிரே உட்கார்ந்து கையெழுத்துப் போட ஒரு சங்கம் இருந்தது. மீறினால் என்ன என்று எழுதியிருந்தது. கார்பன் வாக்குறுதியில் எதிர்த்தரப்பு யார்? நிறுவனம் தானே இலக்கு வைக்கிறது, தானே அளக்கிறது, தானே அறிக்கை எழுதுகிறது. ஓர் அமைப்பு இலக்கைப் பரிசீலித்து முத்திரை குத்துகிறது, அவ்வளவுதான். 2030-இல் எட்டவில்லை என்றால் யாருக்கு என்ன கொடுக்கவேண்டும்? யாருக்கும் எதுவும் இல்லை.

ஐரோப்பாவில் துணி வாங்குபவருக்காவது ஒரு கதவு இருக்கிறது. சில ஆடைகளைப் பசுமையானவை என்று எச் அண்ட் எம் விளம்பரம் செய்த முறை 2022-இல் சிக்கலுக்குள்ளானது. ஹிக் குறியீடு என்ற பொதுவான புள்ளிவிவரத்தை வைத்து இப்படிச் சொன்னால் நுகர்வோரை ஏமாற்றுவதாகும் என்று நார்வே நுகர்வோர் ஆணையம் எச்சரித்தது. அதே ஆண்டு செப்டம்பரில், நெதர்லாந்தின் நுகர்வோர் மற்றும் சந்தை ஆணையத்திடம் எச் அண்ட் எம்மும் டெகாத்லானும் பசுமைச் சொற்களைத் திருத்திக்கொள்கிறோம் அல்லது நீக்கிவிடுகிறோம் என்று எழுதிக்கொடுத்தன. எச் அண்ட் எம் 5 லட்சம் யூரோ நன்கொடையும் ஒப்புக்கொண்டது. ஆம்ஸ்டர்டாமில் ஒரு லேபிளைப் படித்து ஏமாந்தவருக்கு அரசு இருக்கிறது. ஃபேன் நின்றுபோன அக்காவுக்கு அந்த அரசில் மனு கொடுக்க இடமில்லை. விநியோகச் சங்கிலி முழுவதற்கும் பெரிய நிறுவனங்களைப் பொறுப்பாக்கும் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் நிறைவேற்றியது. மை காய்வதற்குள் 2025-இல் அதைத் தள்ளிப்போடவும் நீர்த்துப்போகச் செய்யவும் வேலை தொடங்கிவிட்டது.

உமிழ்வைக் குறைக்க மிக நேரான வழி, விற்காத துணியைத் தைக்காமல் இருப்பது. 2018-இல் எச் அண்ட் எம் கிடங்குகளிலும் கடைகளிலும் விற்காமல் தேங்கிய சரக்கின் மதிப்பு 430 கோடி டாலர். அதற்கு முந்தைய ஆண்டு, வெஸ்டெரோஸ் நகர அனல் மின் நிலையம் நிலக்கரிக்குப் பதிலாக எரித்த பொருட்களில் இந்த நிறுவனம் கழித்துவிட்ட துணியும் இருந்தது செய்தியானது. பூஞ்சை பிடித்தவை, பாதுகாப்புத் தரத்தில் தேறாதவை மட்டுமே எரிக்கப்படுகின்றன என்றது நிறுவனம். 1947-இல் எர்லிங் பெர்சன் முதல் கடையைத் திறந்ததும் இதே வெஸ்டெரோஸ்தான். கணக்கில் அது தேங்கிய சரக்கு. நம் பக்கம் அது தூங்காத இரவு. கடைசி நேரத்தில் டிசைனை மாற்றி, தேதியை மட்டும் மாற்றாமல் விடும்போதுதான் நைட் ஷிஃப்ட் விழுகிறது, கழிப்பறைக்குப் போக டோக்கன் கேட்கும் நிலை வருகிறது. குறைவாகத் தைத்து, தைத்ததற்குச் சரியான விலை கொடுத்தால் கார்பனும் குறையும், சூப்பர்வைசரின் கத்தலும் குறையும். ஆனால் குறைவாக விற்பதை எந்தப் பங்குதாரரும் விரும்புவதில்லை. அதனால் பாய்லரோடு பேச்சு நின்றுவிடுகிறது.

இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. ஓர் ஆலை நிலக்கரியை விடமாட்டேன் என்கிறது. பிராண்டு அங்கே வாங்குவதை நிறுத்துகிறது. அடுத்த வருட அறிக்கையில் அந்த ஆலையின் உமிழ்வு பிராண்டின் கணக்கிலிருந்து மறைந்துவிடும். பாய்லர் வேறு ஒருவருக்காக எரிந்துகொண்டுதான் இருக்கும். வேலை இழந்தவர்களின் கிராஜுவிட்டி, பி.எஃப்., கடைசி மாதச் சம்பளம் இதெல்லாம் யார் பொறுப்பு?

இதையெல்லாம் பேசினால் வழக்கமாக ஒரு பதில் வரும்: ரொம்பக் கேட்டால் பிராண்டுகள் வேறு நாட்டுக்குப் போய்விடும். கூலி விஷயத்தில் இந்த மிரட்டலுக்குப் பலம் இருந்தது. கார்பன் விஷயத்தில் நிலைமை கொஞ்சம் வேறு. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. இங்குள்ள நூற்பாலைகள் பல காலம் முன்பே கடன் வாங்கிச் சொந்தக் காற்றாலை போட்டவை. முப்பந்தலிலும் உடுமலையிலும் சுற்றும் இறக்கைகளின் பலன் இன்று ஸ்டாக்ஹோம் அறிக்கையிலும் சேருகிறது. கழிவுநீரை வெளியே விடாத சாயப்பட்டறைகளும் இங்கே இருக்கின்றன. 2030-க்குள் 56-ஐ எட்டவேண்டிய ஒரு நிறுவனத்துக்கு இப்படியொரு இடத்தைவிட்டுப் போவது சுலபம் இல்லை. எத்தனையோ வருடத்தில் முதல் முறையாகத் தேதி நம் பக்கம் இருக்கிறது. சங்கங்கள் பேரம் பேசவேண்டியது இப்போதுதான். 2031-இல் போய்ப் பேசினால் கேட்க ஆளிருக்காது.

என்ன பேரம்? திண்டுக்கல் மாதிரியே, சங்கம் ஒரு தரப்பாகக் கையெழுத்துப் போடும் ஒப்பந்தம். பாய்லர் மாற்றும் செலவு துணியின் விலையில் தெரியவேண்டும். மின்சாரம் மிச்சம் பிடிக்கும் எந்த முடிவும் தளத்தில் இருக்கும் பெண்கள் கமிட்டியைக் கேட்காமல் நடக்கக்கூடாது. எத்தனை டிகிரிக்கு மேல் டார்கெட் குறையும் என்று எண்ணாக எழுதவேண்டும். நிலக்கரிக் காரணத்துக்காக ஆலையைக் கைவிட்டால், தொழிலாளர் பாக்கியைத் தீர்த்துவிட்டுத்தான் அந்த உமிழ்வைத் தன் கணக்கிலிருந்து கழிக்கலாம். தொட்டிக்குள் மனிதர் இறங்கிய பட்டறையின் துணி, கார்பன் எவ்வளவு குறைவாக இருந்தாலும், பசுமைத் துணி ஆகாது. சூரிய மின் பூங்காவுக்கோ காற்றாலைக்கோ எடுத்த நிலம் பஞ்சமி நிலமா என்று பார்க்காமல் அந்த மின்சாரத்துக்குப் பசுமைச் சான்று தரக்கூடாது. 1892-இல் நமக்கென்று ஒதுக்கிய நிலத்தைத் தேடித் தேடி அலுத்தவர்கள் இதற்குச் சிரிக்கலாம். ஆனாலும் கேள்வி பதிவாகவேண்டும்.

முதலில் பூமியைக் காப்பாற்றுவோம், சாதியைப் பிறகு பார்ப்போம் என்று சொல்லும் சுற்றுச்சூழல் நண்பர்களோடு எனக்குச் சண்டை இல்லை, பொறுமைதான் இல்லை. முதலில் சுதந்திரம், முதலில் புரட்சி, முதலில் மொழி என்று இந்த 'முதலில்' நமக்குப் பழக்கமானது. சாதியைத் தொழிலாளர்களையே பிரித்து வைக்கும் ஏற்பாடாக அம்பேத்கர் 1936-லேயே காட்டினார். அந்த ஏற்பாடு இருக்கும்வரை பாய்லர் மாறும், தொட்டிக்குள் இறங்குபவர் மாறமாட்டார்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். எச் அண்ட் எம் ஆலைப் பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, ஆலையின் பெயர், முகவரியோடு. தமிழ்நாட்டை மட்டும் பிரித்தெடுங்கள். உங்கள் ஊர் பஸ் போகும் வழியில் ஒன்றாவது இருக்கும். ஷிஃப்ட் விடும் நேரத்தில் டீக்கடையில் நின்று பேச்சுக் கொடுங்கள். ஆலை வாசலில் வேண்டாம், அவர்கள் வேலைக்கு ஆபத்து. பாய்லரில் என்ன எரிகிறது, விறகு லாரி எங்கிருந்து வருகிறது, மே மாதம் உள்ளே எவ்வளவு சூடு, பாலியல் புகார் கமிட்டியில் யார் இருக்கிறார்கள், அதில் காலனிப் பெண் ஒருவராவது உண்டா, தொட்டியைக் கடைசியாக யார், எப்போது சுத்தம் செய்தது? பெயர் எழுதவேண்டாம், ஊர் எழுதவேண்டாம். பதில்களை மட்டும் எழுதி எனக்கு அனுப்புங்கள். அடுத்த ஆண்டறிக்கை வெளிவரும்போது பக்கத்தில் வைத்துப் படிப்போம்.